பெயர் பொறிக்காத பாகம்

ஒன்றுமில்லாததன் விலை கிலோ முப்பத்தெட்டாயிரம் ரூபாய். ஜி.எஸ்.டி. தனி.

விலையைச் சொன்னவர் சரவணம்பட்டிக் கம்பெனி ஒன்றிலிருந்து வந்திருந்த அக்ஷயா என்ற இளம் பொறியாளர். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் மேற்கு மாவட்ட அதிவேகக் கார் உற்பத்தியாளர் மன்றத்தின் செயற்குழு உறுப்பினர்கள். கணபதி பகுதியில் மன்றத்தின் சொந்தக் கட்டடம், ஏ.சி. அறை, ஆளுக்கொரு தட்டில் முந்திரி. காரிலிருக்கும் இரும்பைக் கழற்றிவிட்டு கார்பன் ஃபைபர் வைத்தால், குறைகிற ஒவ்வொரு கிலோவுக்கும் இவ்வளவு ஆகும் என்று அவர் திரையில் காட்டினார். முந்திரி மெல்லும் சத்தம் நின்றது.

அங்கிருந்த அத்தனை பேரும் இரும்பை எடைக்கு வாங்கி எடைக்கு விற்று வளர்ந்தவர்கள். எடையில் கொஞ்சம் குறைத்துக் கொடுத்து முழு விலையை வாங்குவது தொழில் என்று அவர்களுக்குத் தெரியும். குறைத்ததற்கே தனியாக விலை கேட்பதை அன்றைக்குத்தான் பார்த்தார்கள்.

"ஏங்கண்ணு, இத்தன காசுக்கு நீ எங்குளுக்குக் குடுக்கறது என்ன?" என்றார் பொருளாளர் சென்னிமலை. பம்புசெட் கம்பெனி முதலாளி.

"எடை குறையும் சார்."

"அது எடுத்துட்டுப் போறது. குடுக்கறது என்னன்னு கேட்டேன்."

அக்ஷயாவுக்குப் பொன்னாடை போர்த்தி, பித்தளைக் கேடயம் ஒன்று கொடுத்து, வாசல் வரை வந்து வழியனுப்பினார்கள். ஒருவருடைய யோசனையை ஏற்கவில்லை என்பதை மன்றத்தில் அப்படித்தான் தெரிவிப்பார்கள்.

அந்தக் கூட்டத்தில் கடைசி நாற்காலியில், தட்டில்லாமல் உட்கார்ந்திருந்தவர் செங்கோடன். மன்றத்தின் காருக்கு ஓட்டுநர். அதுவரை அதை ஓட்டியதில்லை.

கார் பிறந்த விதம் இது. பம்பு செய்தாயிற்று, கிரைண்டர் செய்தாயிற்று, வெளிநாட்டுக்காரன் கோடிக்கணக்கில் விற்கிற பந்தயக் காரை நாமே செய்தால் என்ன என்று ஒரு கல்யாணப் பந்தியில் யாரோ கேட்டுவிட்டார்கள். பந்தியில் கேட்டதால், மொய் எழுதுவதுபோல ஆளுக்கொரு பாகம் எழுதினார்கள். எல்லாம் அவரவர் பட்டறையில் வார்த்தது. எல்லாவற்றிலும் கொடுத்தவர் பெயர் புடைப்பெழுத்தில். சென்னிமலை கொடுத்த பெட்ரோல் பம்பு, ஆயிரம் அடி போர்வெல்லிலிருந்து தண்ணீரை மேலே கொண்டுவரும் சக்தி படைத்தது. பெட்ரோல் டேங்க் அதற்கு மூன்றடி தள்ளி இருந்தது. கிரைண்டர் கம்பெனி ராசாத்தாள் கியர் கம்பியின் தலைக்குக் கருங்கல்லில் ஒரு குமிழ் செதுக்கித் தந்திருந்தார். அதன் கனத்துக்கு முதல் கியரைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். தலைவர் சென்னகேசவன் ஃபவுண்டரிக்காரர். முன் பம்பர் அவர் உபயம். நடுவில் அவருடைய காலஞ்சென்ற தந்தையின் முகம், வார்ப்பிரும்பில், மீசையோடு.

கார் ஆயிரத்து நானூற்று எண்பது கிலோ வந்தது. தை மாதம் நடக்கவிருந்த போட்டியின் விதி, ஓட்டுநரையும் சேர்த்து ஆயிரத்து இருநூறைத் தாண்டக்கூடாது என்றது.

செங்கோடன் பதினான்கு வருடம் பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குத் தனியார் பஸ் ஓட்டியவர். நாற்பது கொண்டை ஊசி வளைவிலும் அவரை முந்திக்கொண்டு போகாத கார் கிடையாது. ஒவ்வொன்றும் முந்தும்போது அதன் பின்புறத்தைக் கடைசிவரை பார்ப்பார். ஒரு தடவை, ஒரே தடவை, அந்த வளைவுகளில் முந்துகிற வண்டியில் உட்கார வேண்டும் என்பது அவருக்கிருந்த ஆசை. ஆளெடுக்கும்போது சென்னகேசவன் சொன்னார்: "எடை பாஸாச்சுன்னா மொத ஓட்டமே வால்பாறை மலைக்குத்தானுங்க தம்பி. நாற்பது வளைவும் உங்குளுக்கே." அதை நம்பி, மூத்த ஓட்டுநர்களுக்கு மட்டும் கிடைக்கும் பகல் நேர பஸ் நடையை விட்டுவிட்டு வந்தார். கார் சாவி தலைவர் வீட்டுப் பூஜை அறையில் இருந்தது. செங்கோடன் தினமும் காலையில் வந்து காரைத் துடைத்து, உள்ளே உட்கார்ந்து, ஓடாத வண்டியில் ஒரு வளைவு இரண்டு வளைவு ஸ்டியரிங்கைத் திருப்பிவிட்டு இறங்குவார்.

அக்ஷயா போனபின் எடைக் குறைப்புக் குழு அமைக்கப்பட்டது. தொடக்க விழாவில் தலைவர் பேசினார்.

"எடைக் குறைப்புங்கறது ஒரு தியாகமுங்க. தியாகம்னா யாராச்சும் ஒருத்தர் செஞ்சுதான் ஆகோணும். அந்த யாராச்சும் ஒருத்தர் யாருன்னு கண்டுபுடிக்கத்தான் இந்தக் குழு. அது நாம யாரும் இல்லைங்கறதுல எனக்குத் துளியும் சந்தேகம் இல்லீங்க."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. விழாவின் நினைவாக 'எடைக் குறைப்புத் திட்டத் தொடக்கம்' என்று செதுக்கிய கருங்கல் கல்வெட்டு காரின் பின்புறம் பதிக்கப்பட்டது. பதினொரு கிலோ.

அடுத்து நல்ல நாள் பார்த்தார்கள். குறைக்கிற காரியம் தேய்பிறையில் தொடங்கினால்தான் குறையும் என்றார் சென்னிமலை. நல்ல காரியத்தை யாராவது தேய்பிறையில் தொடங்குவார்களா என்றார் ராசாத்தாள். இது நல்ல காரியமா இல்லையா என்பதில் மூன்று கூட்டம் போயிற்று. கடைசியில் வளர்பிறையில் முடிவெடுத்துத் தேய்பிறையில் கழற்றுவது என்று சமரசம் ஆனது.

இனி யாருடைய பாகத்தைக் கழற்றுவது என்ற கேள்விதான் பாக்கி. சபையில் ஒருவர் வைத்த சீரை இன்னொருவர் எடுத்துவிடுங்கள் என்று சொல்வது கொங்கு நாட்டில் நடக்கிற காரியமா? ஆகவே சீர் எப்படி வந்ததோ அப்படியே போக வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். தேங்காய், பழம், வெற்றிலை, வேட்டி வைத்த தட்டோடு, கொடுத்தவர் வீட்டுக்குக் குழு முழுதும் போய், முறையாகக் கேட்டு வாங்க வேண்டும்.

முதலில் சென்னிமலை வீட்டுக்குப் போனார்கள். செங்கோடன் தட்டைச் சுமந்தார்.

"உங்க பம்பை எடுத்துக்கோணுமுங்க. தப்பா நெனைக்கக் கூடாது" என்றார் தலைவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

"இதுல தப்பென்னுங்க இருக்குது! தாராளமா எடுத்துக்குங்க. மொதல்ல சாப்புடுங்க."

சாப்பிட்டார்கள். கிளம்பும்போது சென்னிமலை கண் கலங்கினார். "தட்டு வெச்சு என்னையக் கௌரவப்படுத்திப்போட்டீங்க. வெறுங்கையோட அனுப்பினா எங்க பங்காளிக மூஞ்சில எப்புடி முழிக்கறதுங்க?" என்றவர், பழைய பம்புக்குப் பதிலாகப் புது மாடல் பம்பைக் கொடுத்தார். பழையது இருபத்தாறு கிலோ. புதியது முப்பத்து நாலு.

வந்த மரியாதையைவிடப் போகிற மரியாதை ஒரு பிடியாவது கூட இருக்க வேண்டும் என்பது முறை. ஆயிரம் வருஷத்து முறையை ஒரு காருக்காக மாற்ற முடியாது. ராசாத்தாள் குமிழைக் கொடுத்துவிட்டு அம்மிக் குழவி அளவில் இன்னொன்றைத் தந்தார். "மொத ஒண்ணு பொடுசா இருந்துதுங்க. எனக்கே வெக்கமாப் போச்சு" என்றார். தலைவர் வீட்டுக்குத் தலைவரே தட்டோடு போய், தலைவரே வாங்கிக்கொண்டார். நாற்பது கிலோ பம்பர் போனது. எழுபத்தொரு கிலோ பம்பர் வந்தது. அதில் தந்தைக்குப் பக்கத்தில் தாயாரும் இருந்தார்.

"அப்பா மட்டும் தனியா முன்னால போறது மனசுக்குக் கஷ்டமா இருந்துதுங்க" என்றார் தலைவர்.

மற்ற வீடுகளுக்கும் போனார்கள். ஒரு வீட்டில்கூடக் கொடுக்க மாட்டேன் என்று ஒருவரும் சொல்லவில்லை என்பதைக் குழுவின் அறிக்கை பெருமையோடு குறிப்பிடுகிறது.

எடை பார்க்க உக்கடத்தில் நிஜாம் பாயின் லாரி எடைமேடை. பழைய இரும்பு வியாபாரி, மன்றத்தின் கௌரவ உறுப்பினர். வேறு எடைமேடைக்குப் போனால் அவர் மனம் நோகும். காரை லாரியில் கொண்டுவந்து மேடையேற்றினார்கள். நிஜாம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையைப் படித்தார்.

"ஆயிரத்தி ஐநூத்தித் தொண்ணூறு. கொறைச்சுட்டு வாரோம்னு சொன்னீங்களே தலைவரே, வார வழியில எங்கியாச்சும் சரக்கு ஏத்துனீங்களா?"

நிஜாம் விடவில்லை. "நான் ஒரு வழி சொல்லட்டுங்களா? அப்புடியே இங்கியே இருக்கட்டும். எடைக்குப் போட்டா நல்ல வெலை தாரேன்."

அன்று மாலை அவசரக் கூட்டம். காரின் பாகங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். ஒவ்வொரு பெயரும் எதிரே உட்கார்ந்திருந்தது. கடைசியில் ராசாத்தாள் கைதூக்கினார்.

"விதியில டிரைவரையும் சேத்துத்தானுங்க எடை?"

"ஆமாங்க அம்மிணி."

"அப்ப டிரைவரும் வண்டில ஒரு பாகந்தான?"

எல்லோரும் திரும்பிக் கடைசி நாற்காலியைப் பார்த்தார்கள். செங்கோடன் என்னவோ கேட்கிறார்கள் என்று எழுந்து நின்றார்.

"இந்த வண்டியில யார் பேரும் பொறிக்காத பாகம் இது ஒண்ணுதானுங்க" என்றார் சென்னிமலை. அவர் குரலில் நெடுநாள் தேடிய பொருள் கண்ணில் பட்ட நிம்மதி இருந்தது. "தட்டு வெக்க வேண்டியதில்ல. யார் மனசும் நோவாது."

செங்கோடன் எழுபத்தாறு கிலோ. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பது பழமொழி. செங்கோடனுக்குக் காலையில் கொள்ளுத் தண்ணீர், மத்தியானம் கொள்ளு ரசம், இரவில் கொள்ளு வேகும் வாசனை. மேற்பார்வைக்காக அவர் செயற்குழுவின் மதியக் கூட்டங்களுக்கு வர வேண்டும் என்று உத்தரவானது. வாழையிலையில் அவர்கள் கோழி வறுவல் சாப்பிட்டுக்கொண்டே அவர் எவ்வளவு இளைத்திருக்கிறார் என்று விவாதிப்பார்கள். "பாத்தீங்களா, மனுசன் நெனச்சா முடியாதது இல்லீங்க" என்று எலும்பைக் கடிப்பார் தலைவர். பழனிக்குக் கூட்டிப்போய் மொட்டை போட்டார்கள். நேர்த்திக்கு நேர்த்தி, எடைக்கு எடை. மீசையை எடுப்பதா வேண்டாமா என்பது துணைக்குழுவுக்கு விடப்பட்டது. 'மீசை வெளியில் தெரியும். பட்டினி தெரியாது' என்று எழுதி மீசையைக் காப்பாற்றினார்கள்.

வாரம் ஒருமுறை நிஜாமின் எடைமேடையில் ஏறி நின்றார். லாரிகளுக்கான மேடை பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும். முதல் வாரம் எண்பது என்றது. இரண்டாவது வாரமும் எண்பது என்றது. நாக்கு ஒட்டிப்போய் நின்ற செங்கோடனைப் பார்க்க நிஜாமுக்குச் சகிக்கவில்லை.

"என்ன செய்யட்டும் தம்பி. இது பெரிய எடத்து மெஷினு. சில்லறை பேசாது. உங்க எடையெல்லாம் இதுக்குச் சில்லறை." பிறகு குரலைத் தாழ்த்தினார். "உள்ள வாங்க. பிரியாணி இருக்குது."

"வேண்டாமுங்க பாய். எடை பாஸாகோணும்."

"உங்க எடையா, வண்டி எடையா?"

"எது பாஸானாலும் வால்பாறை போலாமுங்க."

நிஜாம் அதற்குமேல் கேலி செய்யவில்லை. ஆள் ஏறி நிற்கும் மருந்துக்கடைத் தராசு ஒன்றைப் பக்கத்துக் கடையிலிருந்து இரவல் வாங்கி வைத்தார். மன்றம் அதை அங்கீகரிக்கவில்லை. ஆனாலும் வாரா வாரம் அதில் முள் கீழே இறங்கியது.

செங்கோடனின் மனைவி குழந்தையம்மாள் ஒன்றும் கேட்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாண மோதிரம் விரலிலிருந்து கழன்று ரசத்தில் விழுந்த அன்றைக்குக் கேட்டாள்.

"ஏனுங், வண்டி எளைக்கோணும்னா நீங்க எதுக்குங் எளைக்கறீங்க?"

"வண்டில எல்லாப் பாகத்துக்கும் சொந்தக்காரங்க இருக்கறாங்க அம்மிணி."

"உங்குளுக்கு?"

செங்கோடன் அதை யோசித்துப் பார்த்திருக்கவில்லை. யோசிக்கவும் தெம்பில்லை.

"உங்க தலைவர் எங்கிட்டத் தட்டு கொண்டாந்து கேட்டாரா?" என்றாள். கரண்டியால் மோதிரத்தை எடுத்துக் கழுவி, தன் தாலிக்கொடியில் கோத்துக்கொண்டாள்.

தை பிறந்தது. போட்டிக்கு முந்தின நாள் கார் கடைசியாக மேடையேறியது. செங்கோடன் உள்ளே உட்கார்ந்தார். இருக்கையில் அவருக்கு இருபுறமும் இடம் மிஞ்சியது. ஆயிரத்து அறுநூற்று ஐம்பது என்றது திரை. மருந்துக்கடைத் தராசில் அவர் மட்டும் தனியாக ஏறினார். ஐம்பத்தெட்டு.

செயற்குழு எடைமேடை வாசலிலேயே கூடியது. தலைவர் பேசினார்.

"ஆயிரத்தி இருநூறு கிலோவுக்குள்ள நடக்கற போட்டி நம்ம தகுதிக்குப் பத்தாதுங்க. கனமில்லாதவங்க ஓடட்டும். எதுக்குங்க ஓடறாங்க? ஒரு எடத்துல நிக்க வக்கில்லாமத்தான் ஓடறாங்க. நம்ம வண்டி நிக்கும். மன்ற வாசல்ல மேடை கட்டி, நூறு வருசம் நிக்கும். வேகத்தை எல்லாரும் காட்டுவாங்க, வேகம் இருந்தும் காட்டாம இருக்கறதுதானுங்க பெருந்தன்மை."

ராசாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேடையை யார் கட்டித் தருவது என்பதில் அங்கேயே நான்கு பேர் போட்டியிட்டார்கள்.

"அப்ப வால்பாறைங்க?" என்றார் செங்கோடன்.

தலைவர் அவர் தோளில் கை வைத்தார். அங்கே எலும்பு தட்டுப்பட்டதும் எடுத்துவிட்டார். "ஊர்வலத்துக்கு நீங்கதானுங்க தம்பி ஓட்டறீங்க. காந்திபுரத்திலிருந்து மன்றம் வரைக்கும்."

மேடை கட்டி முடிந்ததும் பூஜை அறையிலிருந்து சாவி வந்தது. உக்கடத்திலிருந்து காந்திபுரம் வரை காரை லாரியில் கொண்டுபோய் இறக்கினார்கள். செங்கோடன் சாவியைத் திருப்பினார். என்ஜின் ஒரு தடவை உறுமியது. அந்தச் சத்தத்தில் உள்ளங்கால் வரைக்கும் அதிர்ந்தது. ஆக்ஸிலரேட்டரில் கால் வைத்தபோது அது வால்பாறைச் சத்தமாகத்தான் இருந்தது. ஐந்து மாதம் அவர் எதிர்பார்த்த சத்தம்.

முன்னால் ஜமாப் மேளம். அதற்கு முன்னால் நிர்வாகிகள், பொன்னாடையோடு. பின்னால் கார், முதல் கியரில். குழவிக்கல் சாயாதபடி இடது கையால் தாங்கிக்கொண்டு ஓட்டினார்.

"ஏனுங் தலைவரே, ஒரே ஒரு தடவை மூணாவது போட்டுக்கட்டுங்களா?" என்று சன்னல் வழியே கேட்டார்.

"முன்னால மேளம் போகுதுங்களே தம்பி."

நூறடி ரோட்டில் ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்து அவரை முந்தியது. ஓட்டியவர் பழைய வால்பாறைத் தடத்துக்காரர், தெரிந்தவர். தலையை வெளியே நீட்டி, "என்னுங் செங்கோடா, எறங்கித் தள்ளோணுமா?" என்று கத்திவிட்டுப் போனார். படியில் தொங்கிய கல்லூரிப் பையன்கள் கைதட்டினார்கள். நிர்வாகிகள் அது தங்களுக்கு என்று நினைத்துக் கும்பிட்டார்கள்.

கார் மேடையேறி நின்றது. சாவி பூஜை அறைக்குத் திரும்பியது. நிற்கிற காருக்கு ஓட்டுநர் தேவைப்படவில்லை. செங்கோடனுக்குப் பொன்னாடையும் கேடயமும் கொடுத்து, வாசல் வரை வந்து வழியனுப்பினார்கள்.

வாசலில் நிஜாம் நின்றுகொண்டிருந்தார். "தம்பி, அந்தச் சரவணம்பட்டிப் புள்ள சொன்ன வெலை ஞாபகம் இருக்குதுங்களா? கிலோ முப்பத்தெட்டாயிரம். இந்தத் திட்டத்துல நெசமாலும் கொறைஞ்சது உங்க பதினெட்டு கிலோ மட்டுந்தான். ஆறு லட்சத்தி எண்பத்தி நாலாயிரம் ஆவுது. ஜி.எஸ்.டி. தனி."

"யாருங்க பாய் தருவாங்க?"

"அதான் எனக்கும் தெரியல. பில்லு யார் பேர்ல போடறது? உங்க மேல யார் பேரும் பொறிக்கலையே." கேடயத்தைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தார். "ரெண்டரை கிலோ. பித்தளை. எப்ப வேணும்னாலும் கொண்டாங்க."

மன்றத்தின் ஆண்டறிக்கை தை மாதக் கடைசியில் வெளிவந்தது. எடைக் குறைப்புத் திட்டம் பதினெட்டு கிலோ குறைத்து வெற்றி பெற்றது என்றும், அதற்காக மன்றம் ஒரு பைசாவும் செலவழிக்கவில்லை என்றும் அதில் கண்டிருந்தது. கீழே உறுப்பினர்கள் அனைவரின் பெயர்களும் இருந்தன.

செங்கோடன் பழைய பஸ் கம்பெனிக்கே போனார். பகல் நடை வேறொருவருக்குப் போயிருந்தது. புதிதாகச் சேர்ந்தவர்களோடு முதல் நடை, அதிகாலை. நாற்பது வளைவிலும் கார்கள் அவரை முந்திக்கொண்டு போகின்றன. இப்போது அவர் அவற்றின் பின்புறத்தைக் கடைசிவரை பார்ப்பதில்லை. கல்வெட்டு ஏதாவது பதித்திருக்கிறதா என்று ஒரு தடவை மட்டும் பார்த்துவிட்டு, சாலையைப் பார்க்கிறார்.

இளைத்தவனுக்கு எள்ளு என்பது அதே பழமொழியின் முதல் பாதி. மன்றத்தில் யாருக்கும் அது ஞாபகம் வரவில்லை. குழந்தையம்மாளுக்கு வந்தது. தினமும் ராத்திரி சோற்றுக்குப் பிறகு ஒரு எள்ளுருண்டையை அவர் கையில் வைத்து, தின்று முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருப்பாள். பங்குனியில் ஒருநாள் அவரை மருந்துக்கடைக்குக் கூட்டிப்போய்த் தராசில் ஏற்றினாள். அறுபது. மோதிரத்தைத் தாலிக்கொடியிலிருந்து கழற்றி அவர் விரலில் போட்டுப் பார்த்தாள். கையைத் தொங்கவிட்டதும் கழன்று அவள் உள்ளங்கையில் விழுந்தது.

"இன்னும் இல்லீங்" என்று திரும்பக் கோத்துக்கொண்டாள். "போனது பதினெட்டு. வந்தது ரெண்டு. பாக்கி பதினாறு."